விழுங்கப் பயந்தவர்

திருச்செங்கோட்டுச் சண்முகவேலுக்குச் சாப்பிட ஐந்து நிமிஷம் போதும். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் இருபத்திரண்டு வருஷம் வேலை. ஒரு குழாய் இறங்கி அடுத்ததை மாட்டுவதற்குள் தட்டு காலியாகிவிட வேண்டும். மென்று தின்றதாக அவருக்கு நினைவே இல்லை. வீட்டுக்கு வந்தாலும் அதே வேகம்தான்.

போன ஆடியில் விடுப்பில் வந்தவர், போனைப் பார்த்துக்கொண்டே கறிச்சோறு சாப்பிட்டார். ஒரு துண்டு தொண்டையில் நின்றுவிட்டது. இருமல் வரவில்லை, குரல் வரவில்லை, மூச்சும் வரவில்லை. தட்டைத் தள்ளிவிட்டார். சத்தம் கேட்டு ஓடிவந்த மனைவி வசந்தாமணி அவரைக் குனியவைத்து முதுகில் ஓங்கி ஓங்கி அடித்தாள். ஐந்தாவது அடியில் துண்டு வெளியே வந்து விழுந்தது.

அன்று சாயங்காலம் தோசையை வாயில் வைத்தவர் துப்பிவிட்டார். மறுநாளும் அப்படித்தான். பிறகு கஞ்சியும் மோரும் மட்டுமே இறங்கின. இரண்டு மாதத்தில் பதினோரு கிலோ குறைந்தது. சேலத்தில் டாக்டர் குழாய் விட்டுப் பார்த்தார். தொண்டையில் ஒன்றுமில்லை, பயம்தான் என்றார்.

"பயம்னா சும்மாவா புள்ள? அன்னிக்கு நீ கடைக்குப் போயிருந்தா நான் என்னாகியிருப்பேன்?" என்று திரும்பி வரும்போது பஸ்ஸில் கேட்டார். வசந்தாமணிக்கும் அதே பயம். சாப்பாட்டு நேரத்தில் அவள் வாசல் தாண்டுவதையே விட்டிருந்தாள்.

ஆனால் ஜலகண்டாபுரத்தில் அவளுடைய அண்ணனின் மாமியார் இறந்துபோக, போகாமல் இருக்க முடியவில்லை. கஞ்சியும், எதற்கும் இருக்கட்டுமென்று நாலு இட்லியும் சட்னியும் வைத்துவிட்டுப் போனாள். மத்தியானமே கஞ்சி தீர்ந்தது. நாலு மணிக்குப் பசி தாங்கவில்லை. தட்டை எடுத்தார், வைத்தார். பூட்டிய வீடு போல எல்லாம் அமைதியாக இருந்தது. இங்கே அடைத்துக்கொண்டால் யாருக்குத் தெரியும்?

தட்டோடு எதிரே இருந்த தறிக்கூடத்துக்குப் போய்விட்டார்.

"ஏனுங்கண்ணா, தட்டத் தூக்கிட்டு வந்துட்டீங்க?" என்றாள் தறி ஓட்டும் தேவிப்ரியா.

"நான் திங்கறப்ப கொஞ்சம் பாத்துக்க சாமி. அடைச்சுதுன்னா முதுகுல நாலு போடு."

அவள் சிரிக்கவில்லை. தறியை நிறுத்திவிட்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "மெதுவாத் தின்னுங்க. நான் எங்கயும் போகலைங்க."

சுண்டைக்காய் அளவு பிட்டு வாயில் போட்டார். மென்றார். மாவாகும் வரை மென்றார். இட்லியின் புளிப்பும் கடலைச் சட்னியின் காரமும் தனித்தனியாகத் தெரிந்தன. விழுங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டார். இறங்கிவிட்டது. நெற்றியில் வேர்வை வழிந்தது. ஓர் இட்லிக்கு அரைமணி நேரம் ஆனது. இரண்டாவதைப் பாதியில் நிறுத்தினார், பயத்தால் அல்ல, வயிறு போதும் என்றதால்.

தை மாதம் ரிக்குக்குத் திரும்பினார். தான் சாப்பிட்டு முடிக்கும்வரை வண்டி நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் ஏறினார். முதலாளி முணுமுணுத்தார்; ஆனாலும் நிறுத்துகிறார்கள். இழந்த எடையில் பாதி வந்துவிட்டது. கறி மட்டும் இன்னும் தொடுவதில்லை. ஒவ்வொரு வேளையும் முதல் வாய்க்கு முன்னால், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு முறை பார்த்துக்கொள்கிறார்.