கோதுமை சேராத துளசியும் ஒன்பது மணி டிக்கெட்டும்

சர்க்கார் எந்தத் திட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றினாலும், முதல் திட்டு கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத்தான் விழும். அந்தமானின் ஹட் பே ஊரில் ஆன்லைன் சேவைக் கடை வைத்திருக்கிற நான் வாங்காத திட்டா? சர்வர் படுத்தால் என் தப்பு, மழையில் நெட் போனால் என் தப்பு, கப்பல் ரத்தானால் அதுவும் என் தப்பு. ஓடிபி வராத போனை முறைத்துக்கொண்டு நீங்களும் நின்றிருப்பீர்கள், அதனால் உங்களிடம் சொல்லலாம்.

பத்தாவது விரல்

பரமேஸ்வரி அக்கா ரேஷன் கார்டுக்கு ரேகை வைக்க வந்தார். சிலோன் தோட்டத்திலிருந்து வந்து இங்கே குடியமர்ந்த குடும்பம். புருஷனுக்கு கார் நிக்கோபார் தீவில் கான்ட்ராக்ட் வேலை. அக்கா இங்கே பாக்கு உரித்து, ஒன்பது வயது மகள் துளசியை வளர்க்கிறார்.

பாக்கு உரித்தே ரேகை தேய்ந்த கட்டைவிரலை வைத்தார், 'பொருந்தவில்லை' என்றது மெஷின். துடைத்து வைத்தோம், எண்ணெய் தடவி வைத்தோம், ஒவ்வொரு விரலாக மாற்றினோம். எனக்கே எரிச்சல் வந்து, "அழுத்தி வையுங்கக்கா!" என்று கத்திவிட்டேன். கடைசியில் இடது கை சுண்டுவிரல்தான் மானத்தைக் காப்பாற்றியது. அக்கா கோபப்படவில்லை. மெஷினை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"நான் நானில்லன்னு இது எப்புடி தம்பி சொல்லும்? பாக்கு உரிக்கிறப்ப இது வந்து பாத்துச்சா?"

பால் டீ

கத்தியது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. அக்காவோ மறுநாள் நன்றி சொல்ல டீ வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். எனக்குப் பால் சேராது. ஒரு டம்ளர் போதும், வயிறு கடமுடா என்று உருண்டு, கடையைப் பூட்டிவிட்டு ஓடவேண்டும். இதை யார் நம்புகிறார்கள்? பக்கத்து ஓட்டல்காரர் இன்றுவரை "அதெல்லாம் பந்தா" என்கிறார். வேண்டாம் என்று சொன்னால் அக்கா மனசு சங்கடப்படுமே என்று நெளிந்து நெளிந்துதான் விஷயத்தைச் சொன்னேன்.

அக்கா டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். துளசிக்கு சப்பாத்தி, ரொட்டி எது சாப்பிட்டாலும் வயிறு உப்பி, வலியில் சுருண்டுவிடுகிறாளாம். பிள்ளை இளைத்துக்கொண்டே போகிறாள். ஸ்கூலுக்குப் போகாமல் இருக்க வேஷம் போடுகிறாள் என்று மாமியார் சொல்கிறார், டீச்சர் சொல்கிறார், அக்கம்பக்கத்து வீடுகள் சொல்கின்றன, போனில் புருஷனும் சொல்கிறார். ஆஸ்பத்திரியில் மட்டும், போர்ட் பிளேருக்கு மெயின்லேண்டிலிருந்து வயிற்று டாக்டர் இரண்டு நாள் வருகிறார், காட்டிவிடுங்கள் என்றார்களாம். எல்லாம் சொல்லி முடித்து, என் முகத்தையே பார்த்தார்.

"இம்மாம் பெரிய ஆளுக்கே இப்புடி இருக்குதுன்னா, எம்புள்ள நடிக்கலதானே தம்பி?"

"நடிக்கலக்கா, நெசமாத்தான் சொல்லுது," என்றேன்.

தாதாவின் லூடோ

கப்பல் டிக்கெட் ஆன்லைனில் காலை ஒன்பது மணிக்குத் திறக்கும். டீ ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். எங்கள் கடை நெட்டோ, ஏற்கெனவே நொண்டி. அதிலும் பாதியைத் தின்பவர் என் கடை வாசலிலேயே உட்கார்ந்திருக்கும் காய்கறிக் கடை பிஸ்வாஸ் தாதா; வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன், ரவுடி இல்லை. பேரன் எடுத்த வயதில், முகம் தெரியாத யார்யாருடனோ ஆன்லைன் லூடோ. வங்காளம், ஹிந்தி, தமிழ் எல்லாம் கலந்து போனைத் திட்டிக்கொண்டிருப்பார்.

டாக்டர் வருவதற்கு முந்தின நாள் போர்ட் பிளேர் போகும் கப்பலுக்கு டிக்கெட் திறக்கிற காலை, அக்கா துளசியோடு கடைக்கு வந்துவிட்டார். அதை விட்டால் டாக்டர் ஊருக்குப் போய்விடுவார். ஒன்பதுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது, "எல்லாரும் நெட்டை ஆஃப் பண்ணுங்க!" என்று கத்தினேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் போனைப் பையில் போட்டார்கள். தாதா மட்டும் தலையே தூக்கவில்லை.

"ருக்கோ பாய், கொஞ்சம் இரு! ஆக்ரி காய், கடைசி காய், வீட்டு வாசல்ல நிக்குது!"

துளசியைக் காட்டினேன். அம்மா இடுப்பைக் கட்டிக்கொண்டு, வயிற்றில் கையை வைத்தபடி நின்றிருந்தாள். தாதா ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு போனையே அணைத்துவிட்டார். ஜெயிக்கிற ஆட்டம், பாவம்.

சொல்லக்கூடாத எண்

பக்கம் திறந்தது. கப்பலில் படுத்துப்போக இரண்டு பங்க் கிடைத்தன. பெயர் ஏற்றினேன், ஓடிபி கேட்டது. அது போன இடம் அக்கா போன் இல்லை, கார் நிக்கோபாரில் இருக்கும் புருஷன் போன்! எந்த ஃபாரத்திலும் வீட்டு ஆம்பளை நம்பரைக் கொடுப்பதுதான் இங்கே பழக்கம். ஆம்பளை எந்தத் தீவில் இருக்கிறான் என்று யார் யோசிக்கிறோம்?

நல்லவேளை, மனுஷன் எடுத்துவிட்டார். ஸ்பீக்கரில் போட்டு, நம்பரைச் சொல்லுங்கண்ணே என்று கெஞ்சினேன். சொல்லமாட்டேன் என்கிறார்! ஓடிபியை யாரிடமும் சொல்லக்கூடாது என்று சர்க்காரே போனில் தினமும் சொல்கிறதாம். திரையில் நாற்பது செகண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. "நான் ஒங்க பொண்டாட்டி பேசுறேன்" என்றார் அக்கா. பொண்டாட்டிக்கும் சேர்த்துத்தான் சொன்னார்கள் என்றார் அவர். பன்னிரண்டு செகண்ட். அக்கா போனைத் துளசி வாயருகே வைத்தார். "அப்பா, வலிக்குதுப்பா. நெசமா வலிக்குது," என்றாள் அவள்.

ஆறு எண்களும் வந்தன. டிக்கெட் விழுந்தது. பிறகும் அவர் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

"பாப்பா, அப்பா ஒன்னய நம்புறேன்டா."

பத்து காப்பி

பத்து நாள் கழித்து இருவரும் வந்தார்கள். கையில் டாக்டர் காகிதம்: கோதுமை இந்தக் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளாது, அறவே கொடுக்கக்கூடாது. சோறும் இட்லியுமாகச் சாப்பிட்ட துளசி கடைக்குள் ஓடி விளையாடினாள். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அக்கா காகிதத்தை நீவி என் முன்னால் வைத்தார்.

"பத்து காப்பி போடுங்க தம்பி. எம்புள்ள பொய் சொல்லுதுன்னு சொன்ன வீட்டுக்கெல்லாம் ஒண்ணொண்ணு குடுக்கணும்."

எத்தனை திட்டம் வந்து என்ன, ஒரு பிள்ளை வலிக்கிறது என்று சொன்னால் நம்புவதற்கு மட்டும் இன்னும் ஜெராக்ஸ் மெஷின்தான் தேவைப்படுகிறது.