களி இந்தப் பக்கம், குழம்பு அந்தப் பக்கம்

ஒரகடத்துக்குக் கம்பெனிகள் வந்த பிறகு, சேரப்பணஞ்சேரி வீட்டில் மாடி கட்டித் தெற்கத்திப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறேன். இன்று மத்தியானம் கீழே நான் கேழ்வரகுக் களி கிண்டிக்கொண்டிருந்தபோது, மேலே அவர்கள் வைத்த கருவாட்டுக் குழம்பின் வாசம் ஜன்னல் வழியே இறங்கி வந்தது. மணிமங்கலத்தில் எங்கள் வீட்டின் நடுவே சுவர் எழுந்த நாட்கள் நினைவுக்கு வந்தன.

அப்பாவும் சித்தப்பாவும் கோர்ட்டு வரை போய் நிலம், கிணறு, மாடு எல்லாவற்றையும் முறைப்படி பிரித்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் பதிவு அலுவலகத்தில் வேலை பார்த்தபோது எத்தனையோ பாகப்பிரிவினைப் பத்திரங்களைப் படித்தேன். சமையலுக்கு ஷரத்து எழுதியவர் எவருமில்லை. எங்கள் வீட்டில் களி என்றால் அம்மா, குழம்பு என்றால் ருக்கு சித்தி.

சுவர் எழுந்த பின் முதல் சாப்பாடு. அம்மா வைத்த குழம்பைத் தொட்டு நக்கிவிட்டு அப்பா மோர் கேட்டார். அந்தப் பக்கம் சித்தப்பாவின் குரல் கேட்டது.

"இன்னாடி களி இது? சுவத்துக்குப் பூசலாம் போல கீது!"

அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாலு உருண்டையைத் தட்டில் வைத்துச் சுவருக்கு மேலே நீட்டினாள்.

"அடியே ருக்கு, புடி."

"குழம்பு இந்தா யக்கா. எப்டிக் கூப்புடறதுன்னு காலைலேர்ந்து யோசிச்சிக்கினே இருந்தேன்."

"வெக்கமா இல்ல உனுக்கு?" என்றார் அப்பா.

"கோர்ட்டுக்குப் போனது நீங்க ரெண்டு பேரும். அடுப்பு இன்னா பண்ணுச்சு?" என்றாள் அம்மா.

அப்பா மோரை ஓரமாகத் தள்ளிவிட்டுத் தட்டை நீட்டினார்.

இன்று களியோடு நான் மாடி ஏறினேன். கதவைத் திறந்த பையன் அவசரமாகக் கைகூப்பினான்.

"மன்னிச்சிருங்க சார், இனிமே கருவாடு வைக்க மாட்டோம்."

வைக்காவிட்டால்தான் அறையைக் காலி செய்யச் சொல்வேன் என்றேன்.