தோல் மேஸ்திரியின் வயிற்று வைத்தியம்

என் அக்காவின் கணவர் ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு தோல் ஷாப்பில் மேஸ்திரி. மாமா என்று கூப்பிட்டுப் பழகிவிட்டதால் இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். மரியாதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

அந்த மனிதருக்குத் தெரிந்தது தோல் ஒன்றுதான். அதை நன்றாகவே தெரிந்து வைத்திருந்தார். ஊறல் குழியிலிருந்து எடுத்த தோலை இரண்டு விரலால் கிள்ளிப் பார்ப்பார். மடிப்பு அப்படியே நின்றால் "பதம் வந்துடுச்சி" என்பார். படுத்துவிட்டால் மறுபடி பட்டைத் தண்ணீரில் போடச் சொல்வார். அதோடு நிறுத்தியிருந்தால் அவர் தெரு பிழைத்திருக்கும். தோல் தெரிந்த தனக்குத் தோலுக்குள் இருப்பதும் தெரியும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

வலி, உப்புசம், வாந்தி, பேதி, யாருக்கு எது வந்தாலும் ஒரே மருந்துதான். ஷாப்பிலிருந்து ஒரு பிடி ஆவாரம்பட்டையைக் கொண்டு வந்து, சிவக்கச் சிவக்கக் காய்ச்சி, ஒரு டம்ளர் கொடுப்பார்.

"எருமைத் தோலையே இறுக்குற பட்டை, உன் கொடலை இறுக்காதா?" என்பார். பத்தியம் இன்னும் அழகு: பச்சைத் தண்ணீர் ஒரு சொட்டு கூடாது. "தண்ணி உள்ள போனாத்தானே தண்ணியா வெளிய போவும்?" இந்த மேதாவித்தனத்துக்குத் தலையாட்ட எப்போதும் வாசலில் நாலு பேர் இருப்பார்கள்.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. கல்யாண வீட்டில் அளவு தெரியாமல் தின்றதால் வருகிற வயிற்றுப்போக்கு, பட்டை கொடுத்தாலும் நிற்கும், கொடுக்காவிட்டாலும் நிற்கும். கஞ்சி குடித்துப் படுத்தாலே சரியாகிற வயிறுகளுக்கெல்லாம் மாமா பேர் வாங்கிக்கொண்டார். சரியாகாத வயிறுகளுக்கு "ஆயுசு கம்மி" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

ஒரு கார்த்திகையில் அக்கா விரிஞ்சிபுரம் கோயில் கடைஞாயிறு திருவிழாவுக்குப் போய் வந்தாள். வழியில் எங்கே என்ன தண்ணீர் குடித்தாளோ, மறுநாள் விடியும்போதே பேதி பிடித்துக்கொண்டது. அரிசி களைந்த தண்ணீர் மாதிரி போயிற்று. வாந்தி வேறு. நான் அப்போது அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். மாமா பட்டை காய்ச்சிக் கொடுத்தார், குடித்ததும் வாந்தியெடுத்தாள். திரும்பவும் கொடுத்தார். தண்ணீர்ப் பானையை உள்ளறையில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "ஒரு வாய் தண்ணி குடுங்களேன்" என்று அக்கா கெஞ்சினாள். ஆள் அசையவில்லை.

மத்தியானம் பேதி நின்றது. மாமாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, கலெக்டர் வேலை கிடைத்தது போல! உள்ளே எதுவும் மிச்சமில்லாததால் நின்றது என்று என் புத்திக்கே பட்டது. காலையிலிருந்து அவள் மூத்திரம் போகவில்லை. கண்கள் குழியில் கிடந்தன. கெண்டைக்கால் சுண்டி இழுத்தது. குரல் போய் உதடு மட்டும் அசைந்தது. இவள் செத்துப்போய்விடுவாள் என்று தோன்றியதும் மாமாவிடம் ஓடினேன்.

"ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போலாம் மாமா."

"பொம்பளைங்களோட இதே பேஜார்" என்றார். குனிந்து அக்காவின் வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டுக் கையை எடுத்தார். மடிப்பு அப்படியே நின்றது.

வாசலில் நின்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். "பாத்துக்கோ, பட்டை புடிச்சிடுச்சி. இன்னா பதம்!"

அப்படி ஒரு மூடனை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. தெருவுக்கு ஓடி ஒரு ஜட்கா வண்டியை நிறுத்தினேன். வண்டிக்கார பாய் உள்ளே வந்து, மாமாவை ஒரு தள்ளு தள்ளிவிட்டு, என்னோடு சேர்ந்து அக்காவைத் தூக்கினார்.

மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டரம்மாவும் அதே வயிற்றைத்தான் கிள்ளினார். மடிப்பு நின்றதைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. ஊசி வழியாக உப்புத் தண்ணீர் ஏற்ற ஆரம்பித்தார்கள். ஏறிக்கொண்டிருக்கும்போதே எனக்குத் திட்டு விழுந்தது.

"பேதியானா உப்பு போட்ட கஞ்சித் தண்ணி குடுத்துக்கிட்டே இருக்கணும். தண்ணிய நிறுத்தலாமா? மூத்திரம் நின்னாலோ, கண்ணு உள்ள போனாலோ, ரத்தமா போனாலோ வீட்ல வெச்சிருக்கவே கூடாது. கிள்ளின தோல் படுக்காம நின்னா உடம்புல தண்ணியே இல்லன்னு அர்த்தம். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தா இவ பொணம்."

திட்டு வாங்க வேண்டியவர் பின்னாலேயே வந்து வராந்தாவில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். தன் பட்டைதான் அதுவரை உயிரைப் பிடித்து வைத்திருந்தது என்று யாரிடமோ அளந்துகொண்டிருந்தார். சாயங்காலம் அக்கா கண் திறந்தாள். அப்போதும் அவர் அதையேதான் அளந்துகொண்டிருந்தார். அவள் காதில் எல்லாம் விழுந்தது. டாக்டரம்மா சொன்னதை நான் அவளுக்கு ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன்.

மாட்டுப் பொங்கலன்று மூக்கு முட்டக் கறி தின்ற மாமாவுக்கு வயிறு பிய்த்துக்கொண்டது. கொல்லைக்கும் வீட்டுக்கும் நடந்து பார்த்துவிட்டுப் பாயில் விழுந்து கத்தினார். தெருவே கூடிவிட்டது.

"பட்டை காய்ச்சட்டுமா மாமா?" என்று கேட்டேன்.

"வெளாடற நேரமா இது? ஜட்காவக் கூப்டு! ஆஸ்பத்திரிக்குப் போவணும், நான் சாவறேன்!"

அக்கா ஒரு செம்போடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் சட்டையைத் தூக்கினாள். அத்தனை பேர் முன்னாலும் அந்தத் தொந்தியைக் கிள்ளிவிட்டுக் கையை எடுத்தாள். மடிப்பு உடனே படுத்துவிட்டது.

"இன்னும் பதம் வரல" என்றாள். "ஜட்கா வேணாம். உப்பு போட்ட கஞ்சித் தண்ணி இது. குடிச்சிட்டுப் படுங்க."

தெரு சிரித்தது. மாமா செம்பை வாங்கிக் குடித்தார்.