மூன்று நடத்தைக் குறிப்புகள்

ஷார்ஜாவில் வாரத்துக்கு நான்கு நாள்தான் பள்ளி. ஊருக்குப் போனில் பேசும்போதெல்லாம், "உனக்கென்னம்மா, மூணு நாள் லீவு" என்பார்கள். ஐந்து நாள் வேலையைத்தான் நான்கு நாளில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று நான் விளக்குவதில்லை. விளக்கத் தெம்பும் இருப்பதில்லை.

முவைலா பகுதியில் ஒரு தனியார் பள்ளியில் இரண்டாம் வகுப்பு ஆசிரியையாக எனக்கு அது ஒன்பதாவது வருடம். அதற்கு முன் திருச்சியில் ஆறு வருடம் பாடம் எடுத்திருக்கிறேன். அங்கே வகுப்பில் நாற்பத்தைந்து பிள்ளைகள். அவர்களில் யார் முகத்தைச் சுளித்தாலும் எதற்கென்று எனக்குத் தெரியும். இங்கே இருபத்தாறு பேர்தான். பாகிஸ்தான், எகிப்து, சூடான், கேரளம், பிலிப்பைன்ஸ், ஜோர்டான், நம் ஊர் என்று எங்கெங்கிருந்தோ வந்த பிள்ளைகள். காலை ஏழரை மணிக்கு அந்த இருபத்தாறு முகங்களும் என்னைப் பார்க்கும்போது, எதையோ படிக்கச் சொல்லி என் கையில் கொடுத்துவிட்டு எழுத்தை மட்டும் சொல்லித்தராமல் போய்விட்டார்கள் என்று தோன்றும்.

அந்த வருடம் ஜனவரியில் என் தொண்டை கட்டிப்போயிருந்தது. குறைவாகப் பேசுங்கள் என்றார் டாக்டர். அதைக் கேட்டுச் சிரித்தவர் என் கணவர் மட்டும்தான். அடுத்த மாதம் இன்ஸ்பெக்ஷன் வரப்போகிறது என்று பள்ளியே பதற்றத்தில் இருந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று பக்கத் திட்டம் எழுதிக்கொண்டிருந்தோம். அந்த நேரத்தில்தான், வருட நடுவில், அவள் வந்து சேர்ந்தாள்.

ஏழு வயது. சிரியாக்காரக் குடும்பம், இடையில் வேறு ஏதோ நாட்டில் சில வருடம் இருந்துவிட்டு இங்கே வந்தவர்கள். அப்பா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு மரப்பட்டறையில் வேலை. தலையை இழுத்து வாரி இரண்டு பக்கமும் கிளிப் குத்தியிருந்தாள். பத்துப் பதினைந்து ஆங்கிலச் சொற்களுக்கு மேல் தெரியாது. நான் சொல்வது பாதி புரியும், திருப்பிச் சொல்ல வராது. இப்படிப்பட்ட பிள்ளைகள் எனக்குப் புதிதில்லை. மூன்று மாதத்தில் தண்ணீர் மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்கள். இவளும் அப்படித்தான் என்று நினைத்தேன்.

வந்த இரண்டாவது நாள், எழுதிக்கொண்டிருந்தவள் பக்கத்தில் போய் நின்று, முடித்துவிட்டாயா என்று கேட்டேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். மோவாயைச் சற்று மேலே தூக்கினாள், புருவத்தை உயர்த்தினாள், "ப்ச்" என்றாள்.

எனக்குச் சுரீரென்றது. பெரியவர் ஒருவரைப் பார்த்து, அதுவும் டீச்சரைப் பார்த்து, ஒரு பிள்ளை மோவாயைத் தூக்கி "ப்ச்" என்றால் நம் பக்கம் என்ன அர்த்தம்? 'போ, உனக்கு வேற வேலையில்ல' என்றுதானே? அப்படிச் செய்யக் கூடாது என்று விரலை ஆட்டிச் சொன்னேன். அவள் என் விரலையே பார்த்தாள். அடுத்த நாள், இந்த வரியை நீ படிக்கிறாயா என்று கேட்டேன். மறுபடியும் "ப்ச்". பக்கத்து மேசையிலிருந்த பிள்ளைகள் சிரித்தார்கள்.

எங்கள் பள்ளியில் பிரம்பும் கிடையாது, முட்டி போடுவதும் கிடையாது. கம்ப்யூட்டரில் நடத்தைக் குறிப்பு என்று ஒன்று இருக்கிறது. அதில் எழுதினால் பெற்றோரின் போனுக்குப் போய்விடும். மூன்று குறிப்பு சேர்ந்தால் பெற்றோரை அழைப்பார்கள். முதல் குறிப்பில், ஆசிரியையிடம் மரியாதையின்றி ஒலி எழுப்புகிறாள் என்று எழுதினேன். ஆங்கிலத்தில்தான் எழுதினேன். அந்த வீட்டில் ஆங்கிலம் படிக்க யாராவது இருக்கிறார்களா என்ற யோசனை எனக்கு வரவில்லை.

இரண்டாவது குறிப்பு, சூப்பர்வைசர் என் பாடத்தைப் பார்க்க வந்த அன்று. கடைசி வரிசையில் அவர் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தார். நான் அவளிடம் ஏதோ கேட்க, அவள் அதே மோவாய், அதே புருவம், அதே சத்தம். சூப்பர்வைசர் எதையோ குறித்துக்கொண்டார். அன்று மதியமே அவளை முன்வரிசையிலிருந்து எழுப்பி ஜன்னலோரக் கடைசி மேசைக்கு மாற்றினேன். பையைத் தூக்கிக்கொண்டு பேசாமல் போனாள்.

மூன்றாவதைச் சொல்ல இப்போதும் கூசுகிறது. ஒரு வியாழக்கிழமை, எல்லாப் பிள்ளைகளையும் அரங்கத்துக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது. ஒன்றரை மணி நேர நிகழ்ச்சி. என் வகுப்பில் உதவிக்கு ஒரு பிலிப்பினோப் பெண் இருந்தார். நல்ல பெண். பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, பாத்ரூம் போய்விட்டு வந்தாயா, வந்தாயா என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டே போனார். இவளிடமும் கேட்டார். இவள் புருவத்தை உயர்த்தினாள். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போனார். நிகழ்ச்சி பாதி நடக்கும்போது, அவள் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே ஈரம். பக்கத்திலிருந்த பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"போய்ட்டு வந்துட்டேன்னு சொன்னா மிஸ், நான் கேட்டேனே" என்று அந்தப் பெண் என்னிடம் அழாத குறையாகச் சொன்னார். அவர் பொய் சொல்பவர் இல்லை. ஆகவே பொய் சொன்னது பிள்ளைதான் என்று முடிவு செய்தேன். அவளுக்கு மாற்று உடை போட்டுவிட்டு, மேசைக்கு வந்து, உண்மை பேசுவதில்லை என்று மூன்றாவது குறிப்பை எழுதினேன்.

அடுத்த வாரம் அப்பா வந்தார். அரை நாள் லீவு போட்டு வந்திருந்தார். பட்டறை யூனிஃபார்ம், முழங்கையில் மரத்தூள். அவருக்கு ஆங்கிலம் வராது என்பதால் எங்கள் அரபி டீச்சரைக் கூப்பிட்டிருந்தார்கள். ஜோர்டான்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். நானும் அவரும் எப்போதும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொள்வோம். சின்ன மீட்டிங் ரூம். அப்பா, மகள், நான், அரபி டீச்சர். மூன்று குறிப்புகளையும் அச்செடுத்து மேசையில் வைத்திருந்தேன்.

நான் சொல்லச் சொல்ல அரபி டீச்சர் மொழிபெயர்த்தார். அப்பாவின் முகம் சிவந்துகொண்டே வந்தது. மகள் பக்கம் திரும்பி மெதுவாக ஏதோ கேட்டார். டீச்சரிடம் மரியாதை இல்லாமல் நடந்தாயா என்று கேட்கிறார் என்றார் அரபி டீச்சர்.

அவள் மோவாயைத் தூக்கினாள். புருவத்தை உயர்த்தினாள். "ப்ச்."

"பாருங்க, பாருங்க!" என்றேன் நான். "இதைத்தான் சொல்றேன். அப்பா முன்னாடியே செய்றா பாருங்க!"

அரபி டீச்சர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மிஸ், அவ இல்லைன்னு சொல்றா" என்றார்.

"என்ன?"

"அப்பா கேட்டார். இல்லைன்னு பதில் சொன்னா. அவ்வளவுதான். எங்க பக்கம் எல்லாரும் இல்லைன்னு சொல்றது இப்படித்தான். நானே வீட்ல ஒரு நாளைக்கு நூறு தடவை செய்வேன்."

என் காது இரண்டும் சூடாகிவிட்டன. முடித்துவிட்டாயா? இல்லை. படிக்கிறாயா? இல்லை. ஏழு வயதுப் பிள்ளை, புது இடத்தில், தனக்குத் தெரிந்த ஒரே பதிலைச் சொல்லியிருக்கிறது. பாத்ரூம் போய்விட்டு வந்தாயா என்ற கேள்விக்குப் புருவத்தை உயர்த்தி இல்லை என்றிருக்கிறது. பிலிப்பைன்ஸில் புருவத்தை உயர்த்தினால் ஆமாம் என்று அர்த்தம். என் உதவியாளர் என்னிடமே தினமும் அப்படித்தான் ஆமாம் சொல்வார். அது எனக்குத் தெரிந்தும் இருந்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

மன்னிக்கச் சொல்லுங்கள் என்றேன். அரபி டீச்சர் அப்பாவிடம் நீளமாகப் பேசினார். அவர் கேட்டுவிட்டுத் தரையைப் பார்த்தார். கோபமா என்று கேட்கச் சொன்னேன். அவரும் மோவாயைத் தூக்கி, "ப்ச்" என்றார். அர்த்தம் தெரிந்த பிறகும், அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு ஒரு கணம் உள்ளுக்குள் பொசுக்கென்றது. அதை நினைத்தால்தான் இன்னும் வெட்கமாக இருக்கிறது.

அவர் போகும் முன் ஒன்று சொன்னார். முதல் இரண்டு செய்தியும் ஆங்கிலத்தில் வந்ததால் அவருடைய முதலாளியிடம் காட்டிப் படிக்கச் சொல்லியிருக்கிறார். முதலாளி படித்துவிட்டு, உன் மகளுக்கு ஒழுக்கம் இல்லையாம் என்றாராம். இரண்டு தடவையும் வீட்டில் அவளை அடித்திருக்கிறார்கள். அரபி டீச்சர் இதை என் முகத்தைப் பார்க்காமல்தான் மொழிபெயர்த்தார்.

அன்று வீட்டுக்கு வந்து சோபாவிலேயே படுத்துவிட்டேன். கணவர் வேலை சைட்டிலிருந்து வந்ததும் எல்லாவற்றையும் சொன்னேன். "தெரியாம நடந்ததுதானே, விடு" என்றார். ஒன்பதாவது படிக்கும் என் மகள் போனிலிருந்து தலையைத் தூக்கினாள்.

"அம்மா, ஆர் யூ சீரியஸ்? எவ்ரிபடி நோஸ் தட். என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் அப்படித்தான் நோ சொல்வாங்க."

"எங்கிட்ட நீ சொன்னதே இல்லையே?"

"நீ கேட்டதே இல்லையே."

அவள் இங்கேயே வளர்ந்தவள். அவளுக்குத் தானாகத் தெரிந்திருக்கிறது. நான் ஒன்பது வருடமாக இந்தப் பிள்ளைகளுக்கு நடுவில் நின்று கத்திக்கொண்டிருக்கிறேன், எனக்குத் தெரியவில்லை. எத்தனை பிள்ளைகளின் 'இல்லை'யை இப்படித் திமிர் என்று எடுத்துக்கொண்டேனோ. முன்பு வந்துபோன முகங்களை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். இரண்டொன்று வந்தன. மேலே நினைக்கப் பயந்துகொண்டு எழுந்து போய்க் குக்கரை வைத்தேன்.

தப்பு என்னுடையது, நீ நல்ல பிள்ளை என்பதை அரபியில் எப்படிச் சொல்வது என்று அரபி டீச்சரிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்தேன். திங்கட்கிழமை காலை அவள் பக்கத்தில் குனிந்து அதைச் சொன்னேன். கேட்டுக்கொண்டாள். என் உச்சரிப்பு புரிந்ததா என்றுகூடத் தெரியவில்லை. உதவியாளரும் அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். அவள் அவர் தோளுக்கு மேலே சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

மறுபடி முன்வரிசைக்கு அழைத்து வந்தேன். ஆனால் அவள் பதில் சொல்வதையே நிறுத்தியிருந்தாள். எது கேட்டாலும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, உதட்டை உள்ளே மடித்துக்கொண்டு நிற்பாள். அரங்கத்தில் நடந்ததைப் பிள்ளைகள் மறக்கவில்லை. பஸ்ஸில் அவள் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை என்று பஸ்ஸில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மா சொன்னார். நான் ஒரு வாரம் பஸ் வரை கூடவே போய், ஒரு சூடான்காரச் சிறுமியை அவள் பக்கத்தில் உட்காரவைத்தேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்து "யல்லா மேடம், யல்லா" என்று அவசரப்படுத்துவார். அந்தச் சூடான் பிள்ளைக்கு வாய் ஓயாது. இவளுக்கும் சேர்த்து அவளே பேசினாள். அதுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். நான் செய்த வேறெதுவும் இல்லை.

ஏப்ரலில் ஒரு நாள், உனக்கு இன்னொரு தாள் வேண்டுமா என்று கேட்டேன். "நோ, மிஸ். தேங்க் யூ, மிஸ்" என்றாள், தெளிவாக. மோவாய் அசையவில்லை. புருவம் அசையவில்லை. அவளுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது என்று குறித்துக்கொண்டேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான்.

ஜூன் மாதம் அவர்கள் குடும்பம் அல் ஐன் நகரத்துக்குப் போவதாகச் செய்தி வந்தது. அப்பாவுக்கு அங்கே வேறு பட்டறையில் வேலை கிடைத்திருந்தது. பள்ளி மாற்றுச் சான்றிதழில் வகுப்பு ஆசிரியை கையெழுத்துப் போட வேண்டும். ஆபீஸில் நீட்டினார்கள். நடத்தை என்ற இடத்தில் 'சுமார்' என்கிற அர்த்தத்தில் ஒரு சொல் அச்சாகியிருந்தது. மூன்று குறிப்பு இருந்தால் கம்ப்யூட்டர் தானாக அப்படிப் போட்டுவிடுமாம். அந்தக் குறிப்புகளை அழிக்கச் சொல்லி நான் பிப்ரவரியிலேயே எழுதிக் கொடுத்திருந்தேன். அழிக்க வழியில்லை, கீழே விளக்கம் சேர்க்கத்தான் முடியும் என்றிருந்தார்கள். நான் சேர்த்த விளக்கம் சான்றிதழில் வரவில்லை.

இதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன்.

கிளார்க் மலையாளி, நல்ல மனிதர், தமிழ் பேசுவார். "டீச்சரே, விடுங்க. இதெல்லாம் யாரு படிக்கிறா? சீல் இருக்கான்னு மட்டும்தான் பார்ப்பாங்க."

"நான் எழுதினது. நான்தான் மாத்தணும்."

"பிரின்ஸிபல் மீட்டிங்ல இருக்காரு."

"இருக்கட்டும்."

பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று மணிக்கு ஸ்டாஃப் பஸ் போய்விட்டது. திருத்த வேண்டிய நோட்டுகள் மடியில் இருந்தன. ஒன்றைக்கூடத் திறக்க முடியவில்லை. எனக்குக் கோபமெல்லாம் இல்லை. எழுந்து போகத் தெம்பில்லாததால் உட்கார்ந்திருந்தேன் என்று சொன்னால்கூடத் தப்பில்லை. நாலரைக்குப் பிரின்ஸிபல் வெளியே வந்தார். இன்னும் போகவில்லையா என்றார். சொன்னேன். நின்றபடியே கேட்டார். பிறகு கிளார்க்கிடம், கையால் திருத்தி என்னிடம் கொண்டு வா, பக்கத்தில் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். இரண்டு நிமிட வேலை. அச்சான சொல்லின் மேல் ஒரு கோடு, மேலே 'மிக நன்று', இரண்டு கையெழுத்து, ஒரு சீல்.

வெயில் இறங்கவில்லை. வீடு இருபது நிமிட நடை. வழியில் இரண்டு இடத்தில் நிழலுக்காகக் கடை வாசலில் நின்றேன்.

மறுநாள் காலை அப்பா வந்தார். கிளார்க் சான்றிதழை நீட்டினார். அவர் அதைப் பார்க்கவில்லை; இரண்டாக மடித்து, பாஸ்போர்ட் நகல்கள் இருந்த பிளாஸ்டிக் கவருக்குள் வைத்துக்கொண்டார். என்னைப் பார்த்து நெஞ்சில் கைவைத்துத் தலையைத் தாழ்த்தினார். அவள் பக்கத்தில் நின்றாள். தலையில் கிளிப் இல்லை, முடியை வெட்டியிருந்தார்கள்.

"அல் ஐன்ல ஸூ இருக்கு மிஸ்" என்றாள் ஆங்கிலத்தில். "ஜிராஃப் இருக்கு. என் ஃப்ரெண்ட் சொன்னா."

போய்ப் பார்த்துவிட்டுச் சொல் என்றேன். எப்படிச் சொல்வது என்று அவளும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. இரண்டாவது பீரியட் மணி அடித்தது. படியேறும்போதே என் வகுப்பின் சத்தம் கேட்டது.