இரண்டாகக் கிழிந்த ஓட்டு

ரங்கூனில் ஞாயிற்றுக்கிழமை காலை சிப்பாய் வந்து கதவைத் தட்டினால் பயப்பட வேண்டாம். தெருவைக் கூட்டத்தான் கூப்பிடுகிறான். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போய், அரிசி மில்லில் குமாஸ்தாவான நானும் துடைப்பத்தோடு இறங்குகிறேன். பர்மா சுதந்திரம் வாங்கிப் பத்து வருஷத்தில் மந்திரிகள் தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள். ஆறே மாதம் பார்த்துக்கொள்கிறோம் என்று பட்டாளம் வந்து உட்கார்ந்திருக்கிறது. தெரு பளிச்சென்று இருக்கிறது. தேர்தலைத்தான் காணோம், குப்பையோடு அதையும் வாரிவிட்டார்கள் போலிருக்கிறது.

மில்லில் என்னோடு வேலை செய்யும் பர்மாக்காரர் கோ தெய்னுக்குப் பட்டாளத்தின் மேல் ஒரே பிரியம். "எவ்வளவு சுத்தம், பார்" என்றார், எங்கள் இருவருக்கும் பொதுவான அரைகுறை இந்துஸ்தானியில். "சுத்தம்தான். கூட்ட மாட்டேன் என்று சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். எனக்குக் கை வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டு, பாவம், என் பங்கையும் சேர்த்துக் கூட்டினார்.

நம் ஊர் மட்டும் ஒழுங்கா என்பீர்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கத்தில் எங்கள் ஊர். முதல் தேர்தலின்போது பண்ணையார் தம் குத்தகைக்காரர்களைக் கோயிலுக்கு வரவழைத்து, எரியும் சூடத்தை அடித்து அணைக்கச் சொல்லி, ஏணிச் சின்னத்துக்கே ஓட்டு என்று சத்தியம் வாங்கினார். சின்னத்துக்கு ஒரு பெட்டி வைத்திருந்த தேர்தல் அது. திரைக்குப் பின்னால் எதில் போட்டாலும் யாருக்கும் தெரியாது என்று நைனாவுக்கு, அதாவது என் அப்பாவுக்கு, பாடம் எடுத்தேன்.

"சாமிக்குமாடா தெரியாது?" என்றார்.

போட்டுவிட்டு வந்தவர் முகத்தில் அப்படியொரு தெளிவு. "சீட்டை ரெண்டா கிழிச்சிட்டேன். பாதி ஏணிக்கு, சத்தியத்துக்காக. பாதி விளக்குக்கு, எனக்காக."

"ரெண்டுமே செல்லாது நைனா."

"பண்ணையாரும் சாமியும் ஒரே கட்சியில நின்னா நான் இன்னாடா பண்றது?"

கப்பலில் வேலை பார்க்கும் எங்கள் ஊர் முனுசாமி போன மாதம் சேதி கொண்டுவந்தான். பஞ்சாயத்துத் தேர்தலாம், மறுபடி சூடமாம். இந்தத் தடவை அடிக்க மாட்டேன் என்று நைனா எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டார். ஓட்டுப்போடும் நாளுக்குள் அடிக்காவிட்டால் குத்தகை நிலம் வேறொருவனுக்கு என்று பண்ணையாரும் சொல்லிவிட்டார்.

"படிச்சவன் இன்னா சொல்றான்னு உங்க நைனா கேட்டுக்கினு வரச் சொன்னாரு. சீக்கிரம் சொல்லு, நாளைக்குக் கப்பல் திரும்புது."

"சீட்டைக் கிழிக்காம போடச் சொல்லு."

"நெலம் போச்சுன்னா நீயா வந்து உழப்போற?" என்று சிரித்தான்.

சிப்பாய் தட்டியதும் துடைப்பம் தூக்குகிறவன் கடல் தாண்டி அனுப்பி வைக்கும் வீரம். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

இன்று ஊரில் தேர்தல். நைனா முழுச் சீட்டோடு நிற்கிறாரா, சூடத்தின் முன்னால் நிற்கிறாரா என்று தெரிய அடுத்த கப்பல் வர வேண்டும். அங்கே என் பெயரைக் கூப்பிடுவார்கள், ஆள் இருக்காது. இங்கே ஆள் இருக்கிறேன், ஓட்டுக்குக் கூப்பிடுவார் இல்லை. கதவு தட்டும் சத்தம் கேட்கிறது. துடைப்பத்தைத் தேடுகிறேன்.