அரிவாள் இறகு

உப்பளத்தில் வலை போட்டு வாத்து பிடிக்கும் அந்த ஆளுக்கு எந்நேரமும் இறகால் காது குடைகிற பழக்கம். பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

அன்று, பறவை பார்க்கப் போயிருந்த என் முன்னால் சாக்கிலிருந்து அவர் எடுத்துப் போட்டது, குளிர்நாட்டிலிருந்து வழிதவறி வந்த வாத்து. பச்சைத் தலை, அரிவாளாய் வளைந்த இறகுகள். கழுத்தைத் திருகியிருந்தார்.

"அடப்பாவி! இந்தக் கரைக்கே வராத பறவை அண்ணாச்சி இது!" என்று கத்தினேன்.

அவர் அசரவில்லை.

"அப்பம்னா போட்டோ எடுத்துக்கிடுங்க சார். தண்ணில வச்சி, கழுத்துக்குக் கீழ குச்சி குடுக்கேன். உசுரோட இருக்குத மாதிரியே இருக்கும்."

எடுத்தேன். நானே உயிரோடு கண்டதாகப் பறவை ஆர்வலர் குழுவில் போட்டேன். பாராட்டு குவிந்தது.

மறுவாரம், அதே வளைந்த இறகைக் காதுக்குள் சுழற்றிக்கொண்டே வந்தார்.

"அடுத்து எந்த வாத்து சார் வேணும்?"