லத்தீனுக்கு ஆறு காலம், எனக்கு மூன்று மாணவர்கள்

லத்தீன் சொல்லிக்கொடுக்கும் தொழிலில் ஒரே ஒரு வசதி, நாம் தப்பாகச் சொன்னால் தட்டிக் கேட்கத் தெருவில் ஆள் கிடையாது.

மற்றதெல்லாம் உபத்திரவம்தான். யாருக்காவது எப்போதாவது இலக்கணம் நடத்தித் தொண்டை வறண்டவரா நீங்கள்? அப்படியென்றால் பக்கத்தில் வந்து உட்காருங்கள், நாம் ஒரே கட்சி. நான் இளவயதில் கன்னியர் மடத்தில் சேர்ந்து லத்தீன் படித்தவள். மடம் எனக்குச் சரிப்படாமல் வெளியே வந்தபோது கையோடு வந்த சொத்து அது ஒன்றுதான். வாரநாட்களில் வெளிநாட்டுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறேன். ஞாயிறு மதியம் கொரட்டூரில் என் வீட்டு ஹாலிலேயே நேரடி வகுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் இன்றுவரை அதை ஏதோ கம்ப்யூட்டர் கோர்ஸ் என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். வந்தவர்களில் பாதிப்பேர் அதைப் பார்த்தே ஓடிவிட்டார்கள். ஓடாமல் நின்றவர்கள் மூன்று பேர்.

லீவுக்கு முன், லீவுக்குப் பின்

முதலாமவர் கஜேந்திரன். ஆவடியில் ராணுவத் தொழிற்சாலை ஒன்றில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். குறுக்கெழுத்துப் போட்டியில் பைத்தியம். எல்லாக் கட்டத்தையும் போட்டு முடித்துவிட்டு, இனி என்ன செய்வது என்று தெரியாமல் என்னிடம் வந்தார். மகன்கள் சிரித்தார்களாம், மனைவி மட்டும், “போய்ட்டு வாய்யா, டிவி கொஞ்சம் ஆறட்டும்” என்று அனுப்பி வைத்தாராம்.

வினைச்சொல் பாடம் தொடங்கிய அன்றே எனக்குச் சோதனை. நாம் பள்ளிக்கூடத்தில் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் என்று மூன்றோடு முடித்துக்கொண்டவர்கள். லத்தீனுக்கு ஆறு. வருகிறான், வந்துகொண்டிருந்தான், வருவான், வந்தான், வந்திருந்தான், வந்திருப்பான் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி வால். போர்டில் ஆறையும் எழுதிவிட்டுத் திரும்பினேன். கஜேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, மிகுந்த மரியாதையோடு சொன்னார்:

“மேடம், சர்வீஸ்ல எனக்கு ரெண்டே காலம்தான். லீவுக்கு முன்னாடி, லீவுக்குப் பின்னாடி. அத்த வெச்சே ரிட்டயர்மென்ட் வரைக்கும் ஓட்டிட்டேன்.”

ஷிஃப்ட் சொன்ன பாடம்

இரண்டாவது லாரன்ஸ். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மெஷின் ஆபரேட்டர். கோயில் பாடகர் குழுவில் பாடுகிறவன். இத்தனை வருடமாகப் பாடுகிற லத்தீன் பாட்டுக்கு அர்த்தம் தெரியாமல் வாயசைப்பது அவனுக்கு அவமானமாகப் பட்டிருக்கிறது. அந்த ரோஷம் எனக்குப் பிடித்தது.

கஜேந்திரன் ஆறு காலத்தில் விழி பிதுங்கி நின்றாரல்லவா? நான் புத்தகத்தில் இருக்கிறபடி கோடு போட்டு, அம்புக்குறி போட்டு, நேற்று இங்கே, நாளை அங்கே என்று விளக்கிக் களைத்துப்போனேன். லாரன்ஸ் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவர் பக்கம் திரும்பினான். “அண்ணாத்தே, இத்த ஏன் இவ்ளோ பெர்சா பண்றீங்க? நம்ம ஷிஃப்ட்டுதான். மெஷினு ஓடுது. நா வந்தப்போ ஓடிக்கினு இருந்துச்சு. நாளிக்கும் ஓடும். ஜாப்ப முட்சேன். ஆனா நா வர்றதுக்கு மின்னாடியே நைட் ஷிஃப்ட்காரன் பாதி முட்சிருந்தான். சூப்ரவைசர் வர்றதுக்குள்ள மீதிய நா முட்சிருப்பேன். அவ்ளோதான், ஆறு.”

நான் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டேன். அந்த ஆறையும் இவ்வளவு பொருத்தமாக எனக்கு மடத்தில் யாரும் சொன்னதில்லை. அடுத்த நாளே என் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் நைட் ஷிஃப்ட்காரனை வைத்துத்தான் பாடம் நடத்தினேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கஜேந்திரன் ஆறையும் விரல் விட்டுச் சொல்லிப் பார்த்து, சந்தேகம் தீர்ந்தவராக லாரன்ஸின் தோளைத் தட்டினார்.

“அப்பிடி சொல்லு நைனா! எப்பவுமே நைட் ஷிஃப்ட்காரன்தான் பாதிய முட்ச்சி வெச்சிட்டுப் போவான், அவன் பேரு வெளியவே வராது.”

ஓதுகிற நாக்கு

மூன்றாவதாக வந்தாள் நசீமா. கரையான்சாவடி மெயின் ரோட்டில் மெத்தைக் கடை வைத்திருக்கும் அன்வரின் மனைவி. பள்ளிக்கூடத்தில் தமிழாசிரியை. வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். கடல் தாண்டி வந்த பாதிரியார் ஒருவர் நம் ஜனங்கள் வீட்டிலும் தெருவிலும் பேசும் தமிழுக்கு அந்தக் காலத்திலேயே லத்தீனில் இலக்கணம் எழுதியிருக்கிறார். அதுதான் அவள் தலைப்பு. ஆராய்ச்சிக் குழு ஒரு நிபந்தனை போட்டுவிட்டது: லத்தீனை நேராகப் படித்துத் தமிழில் எழுத முடியும் என்று ஒரு தேர்வில் காட்ட வேண்டும். முடியாவிட்டால் தலைப்பை விட்டுவிட வேண்டும். அதுவரை செய்த வேலையெல்லாம் தண்ணீரில் போட்ட மாதிரிதான். போதாததற்கு அவளுக்கு ஆங்கிலம் தடுமாற்றம். லத்தீன் பாடப்புத்தகங்களோ எல்லாம் ஆங்கிலத்தில். முதல் நாளே கண்ணில் நீர் முட்ட, “டீச்சர், ஒரு வேலியைத் தாண்டினா உள்ள இன்னொரு வேலி கீது” என்றாள்.

வினையின் வால்களை நான் அட்டவணையாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வது வழக்கம். செய்ய மாட்டார்கள் என்பது நம் கட்சிக்காரர்களுக்குத் தெரியும். நசீமா அட்டவணையை ஒரு தடவை பார்த்தாள், கண்ணை மூடினாள், லேசாக முன்னும் பின்னும் ஆடியபடி ராகம் போட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். “அமாபம், அமாபாஸ், அமாபத்... அமாபாமுஸ், அமாபாதிஸ், அமாபந்த்.” லத்தீனில் நேசித்துக்கொண்டிருந்தேன், நேசித்துக்கொண்டிருந்தாய் என்று போகிற வரிசை அது. நீட்ட வேண்டிய இடத்தில் நீட்டம், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தம். இரண்டாவது சுற்றில் லாரன்ஸ் சேர்ந்துகொண்டான், மூன்றாவதில் கஜேந்திரன். எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஹாலே ஆடியது. இதை எங்கே கற்றாய் என்று கேட்டேன்.

“சின்ன வயசுல மதரஸாவுல அரபி எழுத்து படிச்ச ராகம் டீச்சர். அங்க ஓத சொல்லிக்குடுத்த அஸ்ரத் சொல்வாரு, மொதல்ல நாக்கு பழகட்டும், அர்த்தம் பின்னாலயே தேடிக்கினு வரும்னு.”

மெத்தைக் கடையில் ஒரு வகுப்பு

ஒரு தலையணை வாங்கும் சாக்கில் அவள் கடைக்குப் போயிருந்தேன். பள்ளி விட்டு வந்தவள் ஒரு பக்கம் உறைகளுக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். அன்வர் இலவம்பஞ்சை அடைத்துக்கொண்டே ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வீசினார். “வேனேருந்த்?” “வந்தாங்க.” “வேனெரந்த்?” “வந்திருந்தாங்க.” “வேனெரிந்த்?” “வந்திருப்பாங்க.” மனுஷன் தலைமுடி, மீசை, புருவம் எல்லாம் பஞ்சு. வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதி எதிர்ச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாள் அவள். அவருக்கு அர்த்தம் ஒன்றும் தெரியாது. ஆனால் அவள் ஒரு நொடி தயங்கினாலும் கண்டுபிடித்துவிடுவார்.

மெத்தை வாங்க வந்த ஒரு தம்பதி இதையெல்லாம் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டு நின்றார்கள். இது என்ன பாஷை என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டார். அன்வர் பஞ்சைக் கையிலிருந்து தட்டிவிட்டுச் சொன்ன பதிலில் இருந்த பெருமையை நான் எந்த மாப்பிள்ளையிடமும் பார்த்ததில்லை.

“லத்தீன்மா. எங்க ஊட்ல படிக்கிறாங்க.”

நேற்று வீட்டில் என்ன நடந்தது?

வால்கள் எல்லாம் அத்துப்படி ஆகிவிட்டன. மொழிபெயர்க்க உட்கார்ந்தபோதுதான் வண்டி மக்கர் செய்தது. நசீமா தமிழாசிரியை அல்லவா, பேனாவை எடுத்ததும் செய்யுள் உரை எழுதுகிற மாதிரி விறைத்துக்கொள்வாள். லத்தீனில் வந்துகொண்டிருந்தார்கள் என்று இருக்கும், இவள் ‘வந்தனர்’ என்று எழுதுவாள். வந்திருந்தார்கள் என்று இருக்கும், அதற்கும் ‘வந்தனர்’. எல்லாரும் வந்தனர், சென்றனர், உண்டனர். யார் முதலில் வந்தார்கள், சோறு எப்போது வெந்தது என்று ஒன்றும் தெரியாது. தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. பக்கம் பக்கமாக இதே கதை. எனக்குக் கோபம் வந்து அவள் பேனாவைப் பிடுங்கி மேஜையில் போட்டேன்.

“இதை விடு. நேத்து உங்க வீட்டுல என்ன நடந்துச்சு, அதைச் சொல்லு” என்றேன். அவள் மிரண்டுபோய்ச் சொன்னாள். “நேத்து நாத்தனார் வந்திருந்தாங்க. நான் மீன் கழுவிகினு இருந்தேன். கேஸ் தீர்ந்துபோச்சு. பக்கத்து ஊட்ல கேட்டேன், அவங்க அடுப்புல ஏற்கெனவே கொழம்பு வச்சிருந்தாங்க.” அவள் பேசி முடிப்பதற்குள் லாரன்ஸ் சிரிக்க ஆரம்பித்துவிட்டான். ஒரு காலம்கூடப் பிசகவில்லை. மீன், கேஸ், குழம்பு எல்லாம் அதனதன் இடத்தில் நின்றன. அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்தேன். லத்தீன் வாக்கியத்தை முதலில் வீட்டுப் பேச்சில் எழுத வேண்டும், காலம் சரியாக விழுந்துவிட்டதா என்று பார்த்த பிறகு கீழே எழுத்துத் தமிழில் மாற்ற வேண்டும். மூன்று பேருக்கும் மொழிபெயர்ப்பு மளமளவென்று ஓடத் தொடங்கியது. நசீமா மட்டும் தன் பேப்பரைத் தானே நம்பமுடியாமல் பார்த்தாள்.

“கிளாஸ்ல எம்புள்ளைங்க இப்பிடி எழுதினா சிவப்பு மையில அடிச்சிருவேனே டீச்சர். எத்தினி பேரோட சரியான பதில அடிச்சேனோ.”

தேர்வன்று

தேர்வுக்கு நாங்கள் எல்லாருமே போனோம். லாரன்ஸ் ஷிஃப்ட்டை மாற்றிக்கொண்டு வந்தான். கஜேந்திரன் ஃப்ளாஸ்க்கில் டீ கொண்டுவந்தார். அன்வர் கடையை மூடிவிட்டு வந்து, பல்கலைக்கழக வராந்தாவில் தூணைப் பார்த்துக்கொண்டு நின்றார். நேரம் முடிந்து நசீமா வெளியே வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. மொழிபெயர்க்கக் கொடுத்தது திருவிழா ஒன்றில் மழை வந்த கதையாம், முழுக்கப் புரிந்ததாம். வீட்டுப் பேச்சில் எழுதி, பிறகு மாற்றிக்கொண்டு வந்திருக்கிறாள். கடைசிப் பாதியை மாற்றுவதற்குள் பேப்பரை வாங்கிவிட்டார்களாம். “சனங்க வந்துகினே இருந்தாங்க, சோறு ஆக்கி வச்சிருந்தாங்க, மழ கொட்டுச்சுன்னு அப்பிடியே கீது டீச்சர்” என்றாள். அந்த வழக்கத்தைப் பழக்கியவள் நான் அல்லவா? மூன்று பேராசிரியர்கள் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவளை உள்ளே கூப்பிட்டார்கள்.

அரைமணி நேரம் கழித்து வந்து, நடந்ததை அவளே சொன்னாள். அவர்களில் கண்டிப்பான ஒருவர், தமிழாசிரியை எழுதுகிற தமிழா இது என்று கேட்டிருக்கிறார். நசீமா சொல்லிவிட்டாள்: “ஐயா, அந்தப் பாதிரியார் கடல் தாண்டி வந்து இந்தப் பேச்சுக்குத்தான் இலக்கணம் எழுதினாரு. அவர் மதிச்ச பேச்சை நான் எழுதினது நேரம் பத்தாமத்தான். ஆனா அதுக்கு வெக்கப்பட மாட்டேன்.” கண்டிப்பானவர் பேப்பரை மறுபடி லத்தீனோடு வரி வரியாக ஒப்பிட்டு, ஒவ்வொரு வினைக்கும் பக்கத்தில் பென்சிலால் டிக் போட்டிருக்கிறார். எல்லாவற்றுக்கும் டிக். பிறகு கையெழுத்தைப் போட்டுவிட்டுச் சொன்னாராம்:

“தலைப்பு உங்களுடையதுதான் அம்மா, வேறு யாருக்கும் இதைக் கொடுக்க முடியாது.”

அதற்கடுத்த ஞாயிறு

தேர்வு முடிந்துவிட்டது, இனி அவள் வரமாட்டாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நல்ல மாணவி போனால் மனசு எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. சந்தோஷமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. ஹாலைப் பெருக்கி, நாற்காலிகளைப் போட்டபோது கை தானாக மூன்றைத்தான் போட்டது. ஒன்றைத் திரும்ப எடுத்து உள்ளே வைக்கலாமா என்று நின்றுகொண்டிருந்தபோது வாசலில் செருப்புச் சத்தம். நசீமா, தோளில் பையோடு, எப்போதும் போல வியர்த்து வழிந்துகொண்டு.

“உனக்குத்தான் முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்கு வெயில்ல ரெண்டு பஸ் மாறி வர்ற?” என்று சிடுசிடுத்தேன். சிடுசிடுக்காவிட்டால் அழுதிருப்பேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து, பாதிரியாரின் இலக்கணத்தை முதல் பக்கம் திறந்து என் முன்னால் வைத்தாள்.

“தலைப்பத்தான் டீச்சர் குடுத்துருக்காங்க, புத்தகம் இன்னும் அப்பிடியேதான கீது. மொதப் பக்கத்துலயே மூணு வினை தெரியல.”

இப்படிப்பட்ட ஆட்களை எதிரே உட்கார வைத்து வாரா வாரம் வாய் பிளப்பதற்கு என்னிடமல்லவா ஃபீஸ் வாங்க வேண்டும், பாவம், அவர்களே கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.